பெயர் ஒட்டிய இருக்கை

காலை ஐந்து நாற்பதுக்கு ஆலைப் பேருந்து சரிவின் மேல்முனையில் வந்து நிற்கும். ஐந்து இருபதுக்கு நான் என் மகள் மில்லராயை எழுப்புவேன். எழுப்புவேன் என்பதுகூடச் சரியில்லை. தூக்கத்தோடு நிறுத்திவைத்து, கம்பளிச் சட்டைக்குள் தலையை நுழைத்து, போர்வையைச் சுற்றி, மழையில் இருநூறு அடி நடத்திப் பள்ளிக்கூடத்தில் விடுவேன். அந்நேரத்துக்கெல்லாம் இல்டா டீச்சர் பள்ளியின் விறகடுப்பைப் பற்றவைத்திருப்பாள். ஆலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் அடுப்பைச் சுற்றிப் போட்ட பெஞ்சுகளில் பூனைக்குட்டிகள் மாதிரிச் சுருண்டு, ஏழு மணி வரை தூங்கும். இதற்கு அரசாங்கம் அவளுக்குச் சம்பளம் தருவதில்லை. அவளும் கேட்டதில்லை.

சான் ரமோன் கடற்கழியில் பள்ளி என்றால் அதுதான். மரப்பலகைச் சுவர், தகரக் கூரை, ஒரே அறையில் ஆறு வகுப்பு, இருபத்தொரு பிள்ளைகள். நானும் அங்கேதான் படித்தேன்.

ஏழு மணிக்கு நாங்கள் வரிசையில் நிற்போம். ரப்பர் பூட்ஸ், இரண்டடுக்குக் கையுறை, தலைமூடி, வாய்மூடி. கூடத்தில் எட்டு டிகிரி குளிர். பிளந்த சால்மன் மீன் நகரும் பட்டையில் வரும். எந்திரம் பெரிய முள்ளை எடுத்துவிடும். சதைக்குள் ஒளிந்திருக்கும் சிறு முள்ளை எடுப்பது எங்கள் வேலை. இடது விரல் நுனியால் சதையைத் தடவ வேண்டும். ஊசிமுனை மாதிரி ஒன்று தட்டுப்படும். அதைக் குறட்டால் பிடித்துச் சாய்வாக இழுக்க வேண்டும். நேராக இழுத்தால் சதை கிழியும். கிழிந்தால் உன் எண்ணுக்கு நேரே ஒரு கோடு விழும். போன வருஷம் நிமிஷத்துக்கு இரண்டு துண்டு. இந்த வருஷம் மூன்று. வலது மணிக்கட்டு எத்தனை முறை திரும்புகிறது என்று நோல்ஃபா ஒருநாள் எண்ண ஆரம்பித்தாள். காலைத் தேநீருக்குள் மூவாயிரத்தைத் தாண்டியதும் விட்டுவிட்டாள்.

நோல்ஃபா எனக்கு இடப்பக்கம் நிற்பவள். சங்கத்தில் எங்கள் பிரிவின் பிரதிநிதி. மில்லராய்க்கு ஞானத்தாய். வலப்பக்கம் ஊபெர்லிந்தா. ஐம்பத்தெட்டு வயது, கல்யாணமில்லை, பிள்ளையில்லை, வாய் மட்டும் உண்டு.

மார்ச் பதினொன்றாம் தேதி, புதன்கிழமை, சாப்பாட்டு இடைவேளையில் எங்களைக் கூடத்திலேயே உட்காரச் சொன்னார்கள். மானேஜர் தோன் பாட்ரிசியோ வந்தார். தலைநகர் சாந்தியாகோவிலிருந்து வந்து மூன்று வருஷம் ஆகியும் அவருடைய வெள்ளைப் பூட்ஸில் ஒரு செதில் ஒட்டி யாரும் பார்த்ததில்லை. திரையில் ஒரு கட்டடப் படம் காட்டினார். கண்ணாடி ஜன்னல், கணினி அறை, பசும்புல் மைதானம்.

“இது உங்க பிள்ளைகளுக்காக” என்றார். “பெருஞ்சாலை மேட்டுல நம்ம கம்பெனியோட தனியார் பள்ளி. மே நாலாம் தேதி தொறக்குறோம். முதல் வகுப்புலேர்ந்து இங்கிலீஷ். பஸ் வீட்டு வாசலுக்கே வரும். வெளியாளுக்குக் கட்டணம் முழுசு, உங்களுக்குப் பாதி. அதையும் நீங்க கையில கட்ட வேண்டாம், சம்பளத்துலயே பிடிச்சுக்குவோம்.”

யாரோ கைதட்டினார்கள். எனக்கும் கை பரபரத்தது, மறைப்பதற்கில்லை. மில்லராய்க்கு ஏழு வயது. டீச்சர் ஆறாம் வகுப்புக்கு நடத்துவதைக் காதில் வாங்கிக்கொண்டு தன் சிலேட்டில் விடை எழுதிவைக்கிற பிள்ளை.

படிவங்களைக் கொடுத்தார்கள். நோல்ஃபா கையுறையைக் கழற்றாமலே புரட்டிப் படித்தாள்.

“தோன் பாட்ரிசியோ, ஏழாவது வரி. பெற்றோரின் வேலை எக்காரணம் கொண்டு முடிந்தாலும் பிள்ளையின் இடமும் அன்றே முடியும்னு போட்டிருக்கே?”

“ஆமா. ஊழியர் சலுகைதானே அது?”

“எக்காரணம் கொண்டும்னா? கை போனாக்கூடவா?”

“நல்ல விஷயம் பேசுற நேரத்துல எதுக்கு அபசகுனமா?”

“சம்பளப் பேச்சுவார்த்தை ஜூன்ல வருது. அப்ப நாங்க வேலையை நிறுத்தினா, மறுநாள் காலையில எங்க பிள்ளைங்களை வகுப்புலேர்ந்து எழுப்பி அனுப்பிருவீங்க. அப்படித்தானே?”

அவர் சிரித்தார். “சென்யோரா நோல்ஃபா, நான் பள்ளிக்கூடம் கட்டியிருக்கேன். நீங்க அதுல ஜெயிலைப் பார்க்குறீங்க.”

“ஜெயில்ல சோறு அவன் போடுவான் தோன் பாட்ரிசியோ, நம்ம சம்பளத்துல பிடிக்க மாட்டான்” என்றாள் ஊபெர்லிந்தா. கூடம் சிரித்தது. அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கையெழுத்துப் போடக் கடைசி நாள் ஏப்ரல் முப்பது. படிவத்தை நான்காக மடித்து மேலங்கிப் பைக்குள் வைத்தேன். கிழித்துப் போடவும் இல்லை, கையெழுத்திடவும் இல்லை.

என் கணவர் அர்த்தேமியோ கம்பெனியின் மீன் வளர்ப்புக் கூண்டுகளில் காவல். பதினான்கு நாள் கடலில், ஏழு நாள் வீட்டில். அன்று சாயங்காலம் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன்.

“யோசிக்க என்ன இருக்கு?” என்றார். “அந்தப் பள்ளிக்கூடத்துல நீ நல்லாத்தானே படிச்ச? டீச்சரே சொல்வாங்களே, எதீத்தா மாதிரி கையெழுத்து யாருக்கும் வராதுன்னு. என்னாச்சு? குறடு பிடிக்குற.”

“பள்ளிக்கூடமா என்னைக் குறடு பிடிக்க வச்சது?”

“பின்ன யாரு வச்சது?”

என்னிடம் பதில் இருந்தது. ஆனால் காற்றில் தொடர்பு அறுந்துவிட்டது.

மஞ்சள் பஸ்ஸைப் பற்றி முதலில் சொன்னவள் மில்லராய்.

“அம்மா, நம்ம வீட்டுக்கு முன்னால ஒரு பஸ் வந்து நின்னுச்சு. கதவு திறந்துச்சு. யாரும் இறங்கல. அப்புறம் மூடிக்கிட்டுப் போயிருச்சு.”

“நீ எங்கேர்ந்து பார்த்த?”

“பள்ளிக்கூட ஜன்னல்லேர்ந்து. எல்லாரும் பார்த்தோம். எலிசேயோ வீட்டுலயும் நின்னுச்சு. பிள்ளைங்க இருக்குற வீட்டுல மட்டும்தான் நிக்குது.”

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். காலை ஏழே காலுக்கு, மூடுபனிக்குள் விளக்கெரிய, மேட்டிலிருந்து இறங்கி வரும். பூட்டிய வீட்டு வாசலில் நிற்கும், கதவைத் திறக்கும், பத்து எண்ணும் நேரம் காத்திருக்கும், மூடும், அடுத்த வீட்டுக்கு நகரும். ஒத்திகை என்றார்கள். ஒரு பிள்ளைகூடச் சேராத பள்ளிக்கு ஒத்திகை. பள்ளி ஜன்னலில் இருபத்தொரு முகங்கள் அதையே பார்த்துக்கொண்டிருக்கும். அப்புறம் எட்டு மணிக்குப் பாடம் ஓடாது என்று இல்டா டீச்சர் சொன்னாள். ஏப்ரல் முதல் வாரத்தில் பள்ளி மைதானத்தின் வேலிக்கு வெளியே யாரோ வந்து சிவப்புச் சாயம் பூசிய முளைக்குச்சிகளை அடித்துவிட்டுப் போனார்கள். எங்கள் கழியில் ஆழ்தண்ணீர் கரையை ஒட்டி வரும் இடம் ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடம் அந்தக் கரையில்தான் நிற்கிறது; கம்பெனிக்குப் படகுத்துறை கட்ட வேறு இடமில்லை.

இனி சொல்லப்போவது நாங்கள் செய்த தவறு. எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் கடல் வெகுதூரம் வற்றும். மற்ற நாளில் தண்ணீருக்கடியில் கிடக்கும் பாறைத்திட்டு அப்போது மூன்று மணி நேரம் வெளியே கிடக்கும். அதில் சிவப்புப் பாசி. அறுத்து, கூழாங்கல்லில் காயவைத்தால், வாங்க லாரி வரும். பாறை இடுக்கில் நுழைய சின்னக் கைகள் வேண்டும். ஆகவே பெருவற்றத்து நாளில் சான் ரமோனில் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதில்லை. என் அம்மா காலத்திலும் அப்படித்தான், என் காலத்திலும் அப்படித்தான். டீச்சர் வருகைப் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று எழுதிவிட்டு, மறுநாள் சேர்த்து நடத்துவாள்.

ஏப்ரல் பதினாறு, வியாழன். அமாவாசைப் பெருவற்றம். முந்தின நாள் ஆலையில் அறிவிப்பு ஒட்டினார்கள்: குளிர்சாதனப் பராமரிப்பு, காலை ஷிஃப்டுக்கு விடுமுறை. வருஷத்தில் நடக்காத அதிசயம். ஊர் மொத்தமும் கடலுக்குள் இறங்கிவிட்டது. நானும் மில்லராயைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். எட்டரைக்கு ஒரு வெள்ளை ஜீப் பள்ளிக்கு முன்னால் நிற்பது தெரிந்தது. மீன்வளத் துறை என்று நினைத்தோம்.

நகராட்சியின் கல்விப் பிரிவு அது. வந்த அதிகாரி வகுப்பறையில் தலைகளை எண்ணினார். நான்கு.

இங்கே பள்ளிக்குப் பணம் வருவது பிள்ளையின் தலையைப் பார்த்து. அதுவும் பேரேட்டில் இருக்கும் தலையை அல்ல, பெஞ்சில் இருக்கும் தலையை. ஐந்தாம் நாள் கடிதம் வந்தது. இல்டா டீச்சர் எங்களைப் பள்ளிக்கு வரவழைத்து வாசித்தாள். மாணவர் வருகை இருபத்தொன்றுக்கு நான்கு. பெற்றோருக்கு ஆர்வமில்லை. ஏப்ரல் முப்பது, வியாழன், காலை எட்டு மணிக்கு மறு எண்ணிக்கை. பிள்ளையோடு தாயோ தந்தையோ நேரில் நின்று கையொப்பமிட வேண்டும். பதினெட்டுக்குக் குறைந்தால் பள்ளி மூடப்பட்டு நிலம் ஏலத்துக்கு வரும்.

“முப்பதாம் தேதியா? அன்னிக்கும் பெருவற்றம். பௌர்ணமிக்கு முதல் நாள்” என்றேன்.

“நாள் பார்த்துக் குறிச்சிருக்கானுங்க, கல்யாணத்துக்குக் குறிக்குற மாதிரி” என்றாள் ஊபெர்லிந்தா. “பராமரிப்புன்னு லீவு விட்டானே, எந்த மெஷினைத் தொறந்தான்? ராத்திரி ஷிஃப்டுல கேட்டேன். ஒரு திருகாணியைக்கூட யாரும் தொடலையாம்.”

கூரையிலிருந்து வாளிக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“டீச்சர், அன்னிக்கு நீங்க எல்லாப் பேருக்கும் ‘வந்தார்’னு போட்டிருந்தா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“பதினெட்டு வருஷமா ஒரு பொய் வருகை போட்டதில்ல” என்றாள் இல்டா டீச்சர். “போட்டிருந்தா, அதை வச்சே ஒரே நாள்ல மூடியிருப்பாங்க. என்னைக் கேட்காதீங்க. உங்க பிள்ளைங்களைப் பாறைக்கு அனுப்பினது நானில்ல.” இருமினாள். பிறகு தணிந்து, “அனுப்பாதீங்கன்னு சத்தமா சொல்லாததும் நான்தான்” என்றாள்.

அந்த வாரத்திலேயே மூன்று பேர் கம்பெனிப் படிவத்தில் கையெழுத்திட்டது ஊருக்குத் தெரிந்தது. மூவரும் மேற்பார்வையாளர்களின் குடும்பம்; எங்கள் பள்ளியிலிருந்து பெயரை நீக்கிக்கொண்டார்கள். ஆக, மிச்சம் பதினெட்டு. ஒரு தலை குறையக் கூடாது. நோல்ஃபா வீடுவீடாகப் போனாள். “பிள்ளையை வச்சு நம்மளைக் கட்டப் பார்க்குறாங்க. யாரும் அவசரப்பட வேண்டாம்” என்று சொல்லிவிட்டு வந்தாள். என் வீட்டில் மாத்தே என்ற இலைத்தேநீர் குடிக்கும்போது குடுவையை இடது கையால் பிடித்திருந்தாள். வலது மணிக்கட்டில் துணிப்பட்டை.

“வலிக்குதா அக்கா?”

“குளிருக்கு. நீ அந்தப் படிவத்தை அடுப்புல போட்டியா?”

“போட்டுட்டேன்” என்றேன். பொய். அது பைக்குள் இருந்தது. மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது.

ஏப்ரல் இருபத்தெட்டு எனக்கு ஓய்வு நாள். ஏழே காலுக்கு மஞ்சள் பஸ் என் வாசலில் நின்று கதவைத் திறந்தது. இந்த முறை வீட்டில் ஆள் இருந்தது.

“ஏறிப் பாருங்கம்மா” என்றார் டிரைவர், வெளியூர்க்காரர். “பார்க்கக் காசில்ல.”

ஏறினேன். உள்ளே வெதுவெதுப்பு. புது ரெக்ஸின் வாசனை. ஒவ்வொரு இருக்கையின் முதுகிலும் ஒரு வெள்ளை அட்டை, அட்டையில் பெயர். மூன்றாவது வரிசை, ஜன்னலோரம்: மில்லராய். தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த தேதி, என் ஆலை எண். நான் யாருக்கும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. குடும்பப் படிக்காக ஆலையில் கொடுத்த விவரம் என்று பிறகுதான் உறைத்தது. அந்த நிமிஷத்தில் தோன்றியது ஒன்றுதான்: கல்லறைப் பலகையில் பெயரை முதலிலேயே வெட்டிவைத்திருக்கிறார்கள்.

“இந்த நீலக் கோடு என்னண்ணே?”

“கையெழுத்துப் போட்டவங்களுக்கு. நாலு பேர் ஆச்சு.”

மூன்று எனக்குத் தெரியும். நாலாவதைத் தேடி நடந்தேன். கடைசி வரிசையில் இருந்தது. எலிசேயோ. நோல்ஃபாவின் மகன்.

கால் தானாக இறங்கியது. பதினேழு. அப்படியென்றால் பள்ளி போயிற்று. நான் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் போயிற்று, நிறுத்தாவிட்டாலும் போயிற்று. வேலைக்குப் போகாமல் அங்கே நின்று, பள்ளியும் மூடி, கம்பெனிப் பள்ளியில் இடமும் போனால், என் மகள் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி விடுதியில்தான் படிக்க வேண்டும், ஏழு வயதில். வீட்டுக்கு வந்து படிவத்தை விரித்தேன். பேனாவை எடுத்தேன். தேதியை எழுதினேன். பெயருக்கு மேல் கை நின்றுவிட்டது. ஞானத்தாயைக் கேட்காமல் போடக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

நோல்ஃபா ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் உருளைக்கிழங்கைத் துருவிக்கொண்டிருந்தாள், இடது கையால், தப்பும் தவறுமாக. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு சீருடை தொங்கியது. கருநீலக் கோட்டு, பாலிதீன் உறை கழற்றாமல்.

நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

“உட்காரு.”

“உட்கார வரல. ஊரெல்லாம் போய் யாரும் போடாதீங்கன்னு சொன்னது யாரு அக்கா?”

“நான்தான்.”

“எப்பப் போட்ட?”

“இருபதாம் தேதி.”

“அதுக்கப்புறமும் என் வீட்டுல உட்கார்ந்து மாத்தே குடிச்ச! படிவத்தை அடுப்புல போட்டியான்னு கேட்ட!”

“நீ போடலன்னு எனக்குத் தெரியும். பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டே பேசுன. நீயும் பொய், நானும் பொய். கத்தாத, பையன் உள்ள இருக்கான்.”

துருவியைக் கீழே வைத்து, மணிக்கட்டுத் துணியை அவிழ்த்தாள். விரல்களை மடக்கிக் காட்டுவதுபோல் கையை நீட்டினாள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் அசையவில்லை. பிடித்த குறடு விழுந்த பிறகும் பிடித்திருப்பது போலவே வளைந்து நின்றன.

“நரம்பு முடிஞ்சு போச்சாம். ஆலை டாக்டர் என்ன எழுதினான் தெரியுமா? ‘வீட்டில் துணி துவைப்பதால் வந்தது.’ பதினொரு வருஷம் நான் அவங்க மீன்ல முள்ளுப் பொறுக்குனேன். துணி துவைச்சு வந்ததாம். மானேஜர் கூப்பிட்டார். நாற்காலி போட்டார், காபி கொடுத்தார். லேபிள் ஒட்டுற வேலை இருக்கு சென்யோரா, உட்கார்ந்தே செய்யலாம், முதல்ல பள்ளிப் படிவத்துல ஒரு கையெழுத்து, நாம ஒரே குடும்பம்னு ஒரு நம்பிக்கைக்குன்னார். இல்லேன்னா மருத்துவத் தகுதி இல்லேன்னு வீட்டுக்கு. என் வீட்டுல வேற சம்பளம் யார் கொண்டுவரா?”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா என்ன செஞ்சிருப்ப? நீயும் போட்டிருப்ப. என்னைப் பார்த்து ஊரே போட்டிருக்கும். அதான் மூடி மூடி வச்சேன். நான் விழுந்தது போதும், நான் விழுறதைப் பார்த்து யாரும் விழக் கூடாதுன்னு.”

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்தக் கையை எடுத்துத் துணியைத் திரும்பச் சுற்றினேன். மீன் வாடை, என் கையிலும் அதே வாடை.

“வியாழக்கிழமை பதினேழுதான் அக்கா இருக்கும்” என்றேன்.

அவள் துருவியை மறுபடி இடது கையில் எடுத்தாள்.

மறுநாள், புதன்கிழமை, எங்கள் வரிசையிலிருந்து ஐந்து பேர் மானேஜர் அறைக்குப் போனோம். கேட்டது பெரிய விஷயம் அல்ல. வியாழன் காலை இரண்டரை மணி நேரம். ஒன்பதரைக்கு வேலையில் இருப்போம். அந்த நேரத்தைச் சனிக்கிழமை செய்து கொடுக்கிறோம்.

“வியாழன் ஏற்றுமதி லோடு” என்றார் தோன் பாட்ரிசியோ. “முடியாது.”

“பதினாறாம் தேதி லோடு இல்லையா?” என்றேன்.

அவர் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். நான் அவர் முன்னால் வாய் திறந்தது அதுவே முதல் தடவை.

“எதீத்தா, உங்க பொண்ணு கெட்டிக்காரின்னு கேள்விப்பட்டேன். ஜன்னல் சீட்டு கொடுக்கச் சொல்லியிருக்கேன். ஓட்டைக் கூரைக்காக அதைக் கெடுத்துக்காதீங்க. ஒருத்தர் வரலேன்னா, ஒரு நாள் படி போகும். அவ்வளவுதான். கூட்டமா வரலேன்னா அதுக்குப் பேரு சட்டவிரோத வேலைநிறுத்தம். வேலை போகும். ஏழாவது வரி தெரியுமில்ல?”

“எங்க பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு நாங்க போறதுக்குப் பேரு வேலைநிறுத்தமா?”

“வேலை நேரத்துல போனா, ஆமா.”

“விடியக்காலை அஞ்சரைக்கு எங்க பிள்ளைங்களை யார் வச்சுக்குறா தோன் பாட்ரிசியோ?” என்று கேட்டேன். “உங்க பஸ் ஏழே காலுக்குத்தான் வருது. எங்களை நீங்க அஞ்சு நாற்பதுக்கே ஏத்திடுறீங்க. நடுவுல அந்த ஒன்றரை மணி நேரம் ஏழு வயசுப் பிள்ளை இருட்டுல யாரோட இருக்கும்?”

அவர் கண்ணாடி ஜன்னலைப் பற்றி யோசித்திருந்தார், இங்கிலீஷைப் பற்றி யோசித்திருந்தார்; இதை யோசித்ததே இல்லை. நானும் அந்த நொடி வரை யோசித்ததில்லை. ஒன்றரை மாதமாக என் பைக்குள் கனத்தது என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“வீட்டுக்கு வீடு ஏற்பாடு செஞ்சுக்கணும்” என்றார்.

“நாங்க ஊருக்கே ஏற்பாடு செஞ்சு வச்சிருக்கோம். அதுக்குத்தான் நாளைக்குப் போகணும்.”

திரும்பி வரும் பேருந்தில் விளக்கு போடவில்லை. மழை கண்ணாடியில் வழிந்தது. ஊபெர்லிந்தா முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

“எனக்குப் பிள்ளையில்ல. நாளைக்கு நான் பஸ்ல ஏறலேன்னா அதுக்குப் பேரு என்ன? பள்ளிக்கூடமா, வேலைநிறுத்தமா?”

“பைத்தியம்” என்றார் யாரோ.

“சரி, அதுவா இருந்துட்டுப் போகட்டும். தாயாருங்க மட்டும் நின்னா எண்ணிப் பேரெழுதிருவான். மொத்தமும் நின்னா எந்தப் பேரை முதல்ல எழுதுவான்? ஏற்றுமதி மீனுல அவனே முள்ளு எடுக்கட்டும், பூட்ஸ் அழுக்காகட்டும்.”

சிரித்தார்கள். ஆனால் யாரும் சரி என்று சொல்லவில்லை. நோல்ஃபா ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்து, திரும்பவே இல்லை.

வியாழன். ஐந்து இருபதுக்கு மில்லராயை எழுப்பினேன். இருநூறு அடி நடந்தோம். இல்டா டீச்சரின் புகைபோக்கி புகைந்துகொண்டிருந்தது. பிள்ளையை அடுப்போரம் படுக்கவைத்துவிட்டு வெளியே வந்து, வேலியோரம் சிவப்பு முளைக்குச்சிகளுக்கு நடுவில் நின்றேன். தனியாக. மேட்டில் ஆலைப் பேருந்தின் விளக்கு. ஐந்து நாற்பது. ஹாரன் ஒலித்தது. என் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. பதினொரு வருஷப் பழக்கம். வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

இருட்டுக்குள்ளிருந்து முதலில் வந்தது ஊபெர்லிந்தாவின் இருமல். பிறகு ஒரு டார்ச். பிறகு இரண்டு. பிறகு எண்ண முடியவில்லை. பிள்ளையைச் சுமந்தவர்கள், பிள்ளையே இல்லாதவர்கள், பிள்ளைகள் வளர்ந்து சாந்தியாகோவுக்குப் போய்விட்டவர்கள். பேருந்து மூன்று முறை ஹாரன் அடித்தது. கதவைத் திறந்தபடி நின்றது. பிறகு மூடிக்கொண்டு, காலியாக, மேட்டில் ஏறிப் போயிற்று.

ஏழே காலுக்கு மஞ்சள் பஸ் வந்தது. வீடுகளின் முன்னால் நின்று நின்று போயிற்று. இந்த முறை யாரும் அதைப் பார்க்கவில்லை.

எட்டு மணிக்கு அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கினார். வேலிக்குள் நின்ற கூட்டத்தைப் பார்த்து, தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று கோப்பைப் பிரித்துப் பார்த்துக்கொண்டார். பெயர்களைப் படித்தார். பிள்ளை எழுந்து ‘இருக்கேன்’ என்றது. தாய் போய்க் கையெழுத்திட்டாள். மில்லராயின் குரல் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது. பதினைந்து. பதினாறு. பதினேழு.

“அவ்வளவுதானா?” என்றார்.

இல்டா டீச்சர் அடுப்பை வெறித்தாள்.

கதவு திறந்தது. மழையில் நனைந்த எலிசேயோ நின்றான், பழைய பழுப்புக் கம்பளிச் சட்டையில். பின்னால் நோல்ஃபா. அவள் தோளில், திருப்பிக் கொடுக்கப் போகிறவள் மாதிரி, பாலிதீன் உறைக்குள் கருநீலச் சீருடை. எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் நேரே மேசைக்குப் போனாள்.

“இந்தப் பேரு மாற்றலாயிருக்கே, சென்யோரா” என்றார் அதிகாரி.

“மாற்றல் மே நாலாம் தேதி. இன்னிக்கு ஏப்ரல் முப்பது. இன்னிக்கு இவன் எங்க இருக்கானோ அதை எழுதுங்க.”

அதிகாரி எலிசேயோவைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். எழுதினார். நோல்ஃபா பேனாவை இடது கையில் வாங்கினாள். அவளுடைய கையெழுத்து முதல் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரி கோணலாக வந்தது. முடிக்க வெகுநேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

“நான் எண்ண மட்டும்தான் வந்தேன்” என்றார் அதிகாரி, கோப்பை மூடிக்கொண்டே. “முடிவு மேல எடுப்பாங்க.”

ஜீப் போயிற்று. அடுத்த நிமிஷம், எங்கள் பைகளுக்குள் தொலைபேசிகள் ஒவ்வொன்றாக ஒலித்தன. பிறகு எல்லாம் சேர்ந்து ஒலித்தன. ஆலையிலிருந்து குறுஞ்செய்தி. என்ன எழுதியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் எடுக்கவில்லை.

“வேலையும் போச்சு, வற்றமும் போகப்போகுது” என்றாள் ஊபெர்லிந்தா, ஜன்னல் வழியே கடலைப் பார்த்து. “இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. எவகிட்ட அரிவாள் இருக்கு?”

கீழே இறங்கினோம். இத்தனை வருஷமாக ஆளுக்கொரு பாறை, ஆளுக்கொரு குவியல். அன்று நோல்ஃபா கூழாங்கல்லில் ஒரு பழைய படகுப்பாயை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தாள். “எல்லாம் இதுல. முதல்ல யாரை வேலையை விட்டு நிறுத்துறாங்களோ அவ வீட்டுக்கு” என்றாள்.

“அது நீதான் அக்கா” என்றேன்.

“அப்ப நிறைய அறு.”

குனிந்து, பாறை இடுக்குக்குள் கையை விட்டேன். என் கை பெரிசு; உள்ளே போகவில்லை. முழங்கை வரை சிராய்ப்பு. இந்த வேலைக்குச் சின்னக் கைகள் வேண்டும்தான். நிமிர்ந்து பார்த்தேன். பாறைத்திட்டு முழுக்கப் பெண்கள், ஓரிரு ஆண்கள். எனக்கு நினைவு தெரிந்து, பெருவற்றத்து நாளில் அந்தக் கடற்கரையில் ஒரு பிள்ளைகூட இல்லாதது அன்றுதான். மேலே தகரக் கூரைக்குள் பதினெட்டு பேரும் எதையோ சேர்ந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். காற்று மாறும்போதெல்லாம் அது எங்களுக்குக் கேட்டது.

பைக்குள் மடித்த படிவம் நனைந்து கூழாகியிருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, குறுகிய இடுக்குக்குள் மறுபடி கையை நுழைத்தேன்.